மனநோய் வந்த வீட்டார் கூடிப் பேச: 11 வருடக் கூட்டத்திலிருந்து சில குறிப்புகள்

தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று தெரிந்து 16 வருடமாகிறது. எங்களைப் போன்ற வீட்டார் சேர்ந்து பேச மாதம் ஒரு கூட்டம் நடத்த ஆரம்பித்து 11 வருடம். முதல் கூட்டம் படுதோல்வி. 20 நாற்காலி போட்டு, ஒரு மருத்துவரையும் அழைத்து வந்தேன். மூளையின் வேதிப்பொருள்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வந்திருந்த 6 பேரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், ஆரம்பிக்க இன்னொரு குடும்பம் கிடைத்தால் போதும். எனக்குக் கிடைத்தது மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில். அங்கே மாதாமாதம் ஓர் அம்மாவைப் பார்ப்பேன். அவரும் பார்க்காதது போல இருப்பார், நானும் அப்படித்தான். ஒரு நாள், “நானும் தம்பியோடுதான் வருகிறேன். எப்போதாவது பேச வேண்டும் போலிருந்தால் கூப்பிடுங்கள்” என்று நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவர் மகனுக்கு என்ன என்று கேட்கவில்லை. 7 வாரம் கழித்து அழைத்தார். நீங்களும் அப்படியே நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். துரத்தினால் வரமாட்டார்கள்.

இடம்: வாசலில் ‘மனநலம்’ என்று பலகை தொங்கும் இடம் வேண்டாம். நூலகத்தின் பின்னறை போல, எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்காத இடமாகப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். எங்களுக்கு இரண்டாவது சனி, மாலை 4 முதல் 5.30 வரை. ஒரே ஒருவர்தான் வருவார் என்று தெரிந்தாலும் நடத்துங்கள்.

கூட்டத்துக்கு நான் கிளம்பியபோது தம்பி கேட்டான்: “என்னைப் பற்றிப் பேசத்தானே போகிறாய்?” பதில் சொல்ல முடியவில்லை. அவனே ஒரு விதி போட்டான். “எனக்கு என்ன குரல் கேட்கிறது, நான் என்ன செய்தேன் என்பதெல்லாம் என்னுடையது. உனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்.” இன்றுவரை எங்கள் கூட்டத்தின் முதல் விதி இதுதான். புதிதாக வருபவரிடம் “அவர் எப்படி இருக்கிறார்?” என்று கேட்க மாட்டோம். “இந்த வாரம் எத்தனை நாள் தூங்கினீர்கள்?” என்று கேட்போம். பாதிப் பேருக்கு அதிலேயே கண் கலங்கிவிடும், அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது விதி, கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. “ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்பதை எல்லோரும் வெளியிலேயே போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். மாத்திரை அளவைப் பற்றி, கேட்டாலும் சொல்லக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தன் மகளுக்கு டோஸைக் குறைத்ததும் சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று ஒருவர் சொல்ல, இன்னொரு அப்பா வீட்டுக்குப் போய் மகனின் மாத்திரையை இரண்டாக உடைத்தார். சில வாரத்தில் பையன் மருத்துவமனையில். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு. லித்தியம் என்ற மருந்தில் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு, ரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் தருவார்கள். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்றால் ரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வீட்டு அனுபவம் இங்கே உதவாது. பக்க விளைவுகளை மட்டும் ஒரு தாளில் எழுத உதவுங்கள், அவர்கள் மருத்துவரிடம் காட்டட்டும்.

சரி, யோசனையும் கூடாது, மருந்தும் கூடாது என்றால் ஒன்றரை மணி நேரம் என்னதான் செய்வது? பேச்சைப் பழகலாம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடனிருந்தவர்களும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் வந்த ஆய்வுகளில் காரணம் கொஞ்சம் தெளிந்தது: ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அளவுக்கு அக்கறை, இவை இருக்கும் வீட்டில் நோய் திரும்புவது அதிகம். வீட்டாரால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதைக் கூட்டத்தில் இரண்டு முறையாவது சொல்லுங்கள், அம்மாக்கள் ஏற்கெனவே தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். (உடன்பிறந்தவர்கள் பகுதியைப் படித்து எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்த வாரமே குளிக்கவில்லை என்று தம்பியிடம் கத்தினேன்.)

எங்கள் பழக்கம் இது. ஒருவர் வீட்டில் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்வார். “எவ்வளவு நேரம்தான் படுத்தே கிடப்பாய், வெட்கமாக இல்லையா?” எதிரே இருப்பவர் மகளாக உட்கார்ந்து அதைக் கேட்பார். எப்படி இருந்தது என்று சொல்வார். பிறகு அதையே மாற்றிச் சொல்லிப் பார்ப்போம்: “10 மணிக்கு நான் நடக்கப் போகிறேன். வருகிறாயா?” படுத்தே கிடப்பதும், ஆர்வம் வற்றிப்போவதும் மனச்சிதைவின் அறிகுறிகள், சோம்பேறித்தனம் இல்லை என்று அப்போது சொன்னால்தான் மனதில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேவு பார்க்கிறார் என்று நோய் உள்ளவர் சொன்னால்? வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “பயமாக இருக்கிறதா? நான் கொஞ்ச நேரம் கூட உட்காரட்டுமா?” என்று பயத்தோடு மட்டும் பேசுங்கள். எனக்கு இது வர இரண்டு வருடம் ஆனது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். அவர் நன்றாக இருக்கும் நாளில், அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நோய் மறுபடி வருவதற்கு முன் என்ன தெரியும், யாரை அழைக்க வேண்டும், என்ன செய்யக் கூடாது. தம்பியின் தாளில், இரவு முழுக்க விளக்கு எரிந்தால் இரண்டாம் நாளே மருத்துவரைக் கூப்பிடு என்று இருக்கிறது. “நாலு பேராக வந்து சுற்றி நிற்காதீர்கள், அக்கா மட்டும் பேசட்டும்” என்றும் இருக்கிறது.

வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் மட்டும் தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். “செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் கைக்கெட்டாமல் எடுத்து வையுங்கள், அவசர உதவியை உடனே அழையுங்கள். அடுத்த கூட்டம் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

வெளியிலிருந்து உதவ நினைப்பவர்களுக்கு: “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்பதை விட்டுவிடுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். “செவ்வாய் 5 மணிக்கு வந்து 2 மணி நேரம் இருக்கிறேன், நீங்கள் வெளியே போய் வாருங்கள்” என்றால் மறுக்க முடியாது.

நோய் உள்ளவர்களும் கூட்டத்துக்கு வரலாமா? எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று சேர்ந்து நடக்கும். அவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருப்பது நல்லது. நியூயார்க்கில் 1948இல் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற இடத்தைத் தொடங்கியபோது அங்கே வருபவர்களை நோயாளி என்று அழைக்கவில்லை, உறுப்பினர் என்றார்கள். அந்த வீட்டின் வேலைகளை இன்றும் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்தே செய்கிறார்கள். இதைத் தம்பியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, நாற்காலி கணக்கைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். இப்போது எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு, அதைவிட ஒன்று கூடுதலாகப் போடுகிறான். கதவுக்குப் பக்கத்தில், பாதியில் எழுந்து போக வசதியாக. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதில்தான் உட்காருகிறார்கள்.