கொழுந்து நிறுவையைச் செக்ரோலில் ஏற்ற ஒரு சிறு நிரல்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற இடங்களின் தேயிலைத் தோட்ட அலுவலகங்களில், அன்றாடம் நிறுத்த கொழுந்தின் கிலோக் கணக்கை ஓர் எக்செல் தாளிலிருந்து மாதச் செக்ரோலுக்கு (தொழிலாளரின் வேலை, சம்பளக் கணக்குப் பதிவேட்டுக்கு) கையால் ஏற்றுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் எண் ஒரு வரி தவறி விழுந்தால் ஒருவர் பறித்த கொழுந்து இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்; முழுப்பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) விழவேண்டிய நாள் அரைப்பேராகிவிடும்.

விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோஹாட்கீ என்னும் நிரல் மொழியின் இரண்டாம் பதிப்பு இதற்குப் போதும். விசைகளை நிரலே அழுத்தும் 'சென்ட்' கட்டளையை மட்டும் இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்; இடையில் ஓர் அறிவிப்புப் பெட்டி தோன்ற, ஓர் எண் அதில் தொலைந்து, பின்வந்தவை யாவும் ஒரு வரி மேலேறின. சம்பளத்துக்கு முதல் நாள்தான் அது கண்ணில் பட்டது.

'காம்ஆப்ஜெக்ட்ஆக்டிவ்' என்னும் செயற்கூறு, ஏற்கெனவே திறந்திருக்கும் எக்செல்லை நேரடியாக நிரலின் கையில் தருகிறது. முதல் வேலையாக 'சேவ்காப்பிஆஸ்' மூலம் செக்ரோலின் பிரதியொன்றை அன்றைய திகதியிட்டுச் சேமியுங்கள். பின்னர் செக்ரோலில் தொழிலாளர் இலக்கங்கள் உள்ள நெடுவரிசையை மேலிருந்து கீழாக வாசித்து, எந்த இலக்கம் எந்த வரியில் இருக்கிறது என்பதை ஒரு 'மேப்'பில் வைத்துக்கொண்டு, நிறுவைத் தாளின் ஒவ்வொரு இலக்கத்தையும் அதில் தேடி, கிடைத்த வரியில் அன்றைய நாளுக்குரிய கட்டத்தில் கிலோவை எழுதச் செய்யுங்கள். ஏதேனும் ஒரு கட்டம் தட்டச்சு நிலையில் இருந்தால் எக்செல் கட்டளையை ஏற்காது. எஸ்கேப் விசையை அழுத்திவிட்டு மீண்டும் இயக்க வேண்டும்.

பெயரை வைத்துத் தேடவே கூடாது. பழைய கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய 'செல்லம்மா'வும் யுனிகோடில் தட்டிய 'செல்லம்மா'வும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு. இலக்கத்திலும் கவனம் தேவை: 007 என்று தட்டினால் எக்செல் அதை 7 ஆக்கிவிடும். ஆகவே இரு தாள்களிலும் இலக்க நெடுவரிசையை முதலில் உரை வடிவத்துக்கு மாற்றி, அதன் பின்னரே இலக்கங்களைத் தட்டுங்கள். முன்பே தட்டியவை வடிவத்தை மாற்றுவதால் மட்டும் உரையாக மாறா.

செக்ரோலில் இல்லாத இலக்கம் வந்தால் நிரல் தானாக எதையும் ஊகிக்காமல், அதைத் தனித் தாளில் எழுதி வைக்கட்டும். கணக்கப்பிள்ளையிடம் கேட்டுத் திருத்தலாம். முடிவில் இரு தாள்களின் மொத்தக் கிலோவையும் ஒப்பிட்டு, அரைக் கிலோ வித்தியாசம் இருந்தாலும் சேமிக்காமல் நிற்கும்படி எழுதுங்கள்.