வெளிநாட்டில் குடித்தனம் வைக்கப் போகும் ஜோடிக்கு: டெல்டா வீட்டிலிருந்து சமையல் பெட்டி கட்டும் முறை

புதிதாகக் கல்யாணமாகி துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் ஜோடிக்குப் பெட்டி கட்டுவது கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பெரும்பாலும் இரண்டு அம்மாக்களின் வேலை. முறுக்கும் அதிரசமுமாகப் பெட்டி நிரம்பிவிடும். எல்லாம் பத்து நாளில் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகுதான் குடித்தனமே ஆரம்பம். இருவரும் வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்பினால், குக்கர் இறங்கும் நேரத்துக்குள் சாப்பாடு தயாராக வேண்டும். அதற்கு உதவும் பொருளுக்குத்தான் பெட்டியில் முதல் இடம்.

படி 1: போகிற நாட்டின் விதியைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தைப் படித்துவிடுங்கள். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். துபாய்க்கு வெற்றிலையும் ஆகாது. வழியனுப்பும்போது கொடுக்கிற தாம்பூலப் பையை அப்படியே கைப்பையில் திணித்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் இங்கிருந்து பால் பொருள்கள் எடுத்துப்போக முடியாது. நெய், திரட்டுப்பால் எல்லாம் அதில் சேர்த்திதான். மோரில் ஊறியது என்பதால் மோர்மிளகாய்க்குக்கூடக் கேள்வி வரலாம். அமெரிக்கா என்றால் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கையில் இருக்கும் உணவுப்பொருளை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம்.

படி 2: இருவரும் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்

அரிசி, பருப்பு, பெருங்காயம் எதுவும் வேண்டாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் துபாய் கராமாவிலும் அதெல்லாம் தாராளமாகக் கிடைக்கும். கடையில் வாங்கினால் வீட்டு ருசி வராதவற்றை மட்டும் எழுதுங்கள்: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வேப்பிலைக்கட்டி, உப்பு நார்த்தங்காய். ஒருவர் வீட்டில் வத்தக்குழம்பு, இன்னொருவர் வீட்டில் மீன் குழம்பு என்று இருந்தால் இரண்டு குழம்புப் பொடியும் போகட்டும். இதில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

படி 3: நார்த்தங்காய் போடுங்கள்

இதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் என்றால் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை பிடித்துக்கொள்ளும், காயவே காயாது. அந்த மாதங்களில் பயணம் என்றால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ கல் உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேலிருந்து கீழாகச் சுருள் சுருளாக நறுக்குங்கள். துண்டாகிவிடக் கூடாது, சுருள் தொங்க வேண்டும். உப்பையும் மஞ்சளையும் கலந்து சுருளின் இடுக்குகளில் அடைத்துப் பீங்கான் ஜாடியில் போட்டுத் துணியால் வேடு கட்டுங்கள். அலுமினியப் பாத்திரம் உதவாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். தினமும் ஒரு முறை குலுக்கிவிட்டால் நாலைந்து நாளில் சாறு விட்டுக்கொண்டு காய் தளரும்.

அப்புறம் காலையில் காயை மட்டும் எடுத்துத் தாம்பாளத்தில் வெயிலில் வையுங்கள். சாயங்காலம் அதே சாற்றில் திரும்பப் போடுங்கள். சாறு முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும் வரை இதே வேலைதான். அவசரப்பட்டுச் சாற்றைக் கொட்டிவிட்டு வெறும் தோலைக் காயவைப்பவர்கள் உண்டு. அது விறைத்துப்போகும், கசப்பும் இறங்காது. பழுப்பேறி, வளைத்தால் ஒடியாமல் மேலே உப்புப் பூத்திருந்தால் ஆயிற்று. எண்ணெயே இல்லாததால் பெட்டியில் கசியாது, உப்பில் ஊறிக் காய்ந்ததால் கெடாது. வருஷக்கணக்கில் இருக்கும், கறுக்கக் கறுக்க ருசி கூடும்.

படி 4: கட்டுவது

புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்டவிட்டு, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூடாக மூடினால் மூடியில் வேர்த்துப் பூசணம் வரும். டப்பாவைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, பழைய வேட்டியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். கையில் எடுத்துப்போகும் பையில் ஊறுகாய், புளிக்காய்ச்சல் வகையறா வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள். எடையை வீட்டிலேயே பார்த்துவிட்டால், திருச்சி விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தெருவில் உள்ளவர்கள் பார்சலோடு வருவார்கள். "எங்க பையனுக்குக் கொஞ்சம் மசாலாப் பொடிதான், தம்பி" என்பார்கள். முகம் கோணாமல் வாங்கி, அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு கேளுங்கள், கசகசா இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டி உங்கள் பெயரில்தான் போகிறது.

படி 5: போய் இறங்கியதும்

புளிக்காய்ச்சலில் வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். நார்த்தங்காய் வெளியிலேயே இருக்கலாம், கண்ணாடி ஜாடி போதும். இரண்டிலும் ஈரக் கரண்டி படக்கூடாது. சோற்றைத் தட்டில் ஆறவிட்டுப் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளற ஐந்து நிமிடம் ஆகும். இன்னொருவர் அதற்குள் அப்பளம் பொரித்துவிடலாம். தயிர்சோற்றுக்கு நார்த்தங்காயைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், முழுச் சுருளாக எடுத்தால் உப்புக் கரிக்கும்.