வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் பதிவு எண்ணைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணத்தோடு ஊழியர் சேமநிதியையும் போட்டுப் பெற்றோர் வாங்கிய தரைவீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாத வாடகையை வசூலிக்கவும், கூரை ஒழுகினால் ஆள் அனுப்பவும் உள்ளூரில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த இடத்தில்தான் முன்பின் தெரியாதவர்கள் நுழைகிறார்கள்.

என் தந்தையின் வீட்டைப் பார்த்துக்கொள்வதாக வந்த ஒருவர், பொன்னிற எழுத்தில் அச்சடித்த அட்டையை நீட்டி, அதிலிருந்த 12 இலக்க எண்ணை விரலால் தொட்டு, "பாருங்க தம்பி, அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர்" என்றார். அது எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தின் பதிவு எண். அதன் முதல் 4 இலக்கங்கள் பதிவான ஆண்டையும், அடுத்த 2 இலக்கங்கள் நிறுவனத்தின் வகையையும் குறிக்கின்றன. ரொட்டி சானாய் கடைக்காரரிடமும் அப்படியோர் எண் இருக்கும். வியாபாரம் பதிவாகியுள்ளது என்பதைத் தவிர, பிறர் சொத்தை நிர்வகிக்கும் தகுதியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

கேட்க வேண்டிய எண் வேறு. 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டத்தின்கீழ் இயங்கும் லெம்பாகா பெனிலாய், பென்தக்சிர், ஏஜென் ஹார்த்தா தானா டான் பெங்குருஸ் ஹார்த்தா, அதாவது மதிப்பீட்டாளர், சொத்து முகவர், சொத்து மேலாளர் ஆகியோருக்கான வாரியமே இத்தொழிலுக்குப் பதிவு தருகிறது. 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, சொத்து மேலாளர் என்பது அச்சட்டத்தின் பெயரிலேயே இடம்பெறுகிறது. பதிவின்றி இத்தொழிலைச் செய்பவருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே முதலில், அடையாள அட்டையில் உள்ளபடி அவருடைய முழுப் பெயர், வாரியப் பதிவு எண், அவர் பணிபுரியும் நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், நீங்களே வாரியத்தின் இணையத்தளத்தைத் திறந்து, பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எண்ணின் முன்னுள்ள எழுத்துகளை நிதானமாகப் பார்க்க வேண்டும்: பி.எம். என்றால் சொத்து மேலாளர், இ என்றால் சொத்து முகவர், வி என்றால் மதிப்பீட்டாளர். ஆர்.இ.என். என்றிருந்தால், அவர் ஒரு பதிவுபெற்ற நிறுவனத்தின்கீழ் நின்று வாங்குபவரையோ குடியிருப்பவரையோ தேடித் தந்து பேரம் பேசி முடிப்பவர் மட்டுமே. கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டை உண்மையானதாகவே இருந்தாலும், தனியாளாக உங்கள் வீட்டை நிர்வகிக்கும் உரிமையை அது அவருக்குத் தராது. பி.எம். அல்லாத எழுத்து இருந்தால், சொத்து மேலாண்மைக்கும் அவருக்கு அனுமதி உண்டா என்று வாரியத்திடமே கேட்டுவிடுவது நல்லது.

பெயர் அகப்பட்டதோடு நின்றுவிடாதீர்கள். வேறொருவரின் எண்ணைத் தன்னுடையதாகச் சொல்பவரை அகப்படுத்த எளிய வழி, அட்டையிலுள்ள கைப்பேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் அலுவலக எண்ணைத் தனியே தேடி அழைத்து, "இந்தப் பெயருள்ளவர் உங்களிடம் வேலை செய்கிறாரா?" என்று கேட்பதுதான். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை; முறையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களிடம் வந்தவரோ, பி.எம். எண்ணைக் கேட்டதும், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

ஈப்போ பக்கம் அடுக்குமாடி வீடு வைத்திருப்போர், கூட்டு நிர்வாக அமைப்பு நியமித்த முகவரைப் பற்றி, 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் செயல்படும் கட்டட ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், நியமனக் கடிதத்தில் நிறுவனத்தின் பதிவு எண்ணையும் மேலாளரின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வாடகையும் முன்பணமும் வாடிக்கையாளர் பணத்துக்கென்றே நிறுவனத்தின் பெயரில் உள்ள தனிக் கணக்கில்தான் செலுத்தப்பட வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்து, அதன் நகல் ஒன்றைக் குடியிருப்பவரிடமும் கொடுத்துவிடுங்கள்.