கந்தசஷ்டியும் கணக்கு முடிப்பும்
போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருப்பேன் என்று எனக்கு ஒரு வீம்பு. அதே கிழமை கந்தோரில் கணக்கு முடிப்பு, நித்திரையும் இல்லை. முதல் நாள் களைப்புத் தெரியவில்லை. ஈரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய 24 மணித்தியாலம் தாங்கும். மூன்றாம் நாள் வாயில் கனிந்த பழ வாசம்: கொழுப்பு கரைந்து கீற்றோன் என்ற மாற்று எரிபொருள் வருகிறது. அது சரி, ஆனால் மாடிப்படி ஏறக் கால் ஏன் நடுங்குகிறது? தனியே பட்டினி என்றால் உடம்பு போகப் போகத் தசையைச் சிக்கனமாகத்தான் எடுக்கும். பதற்றம் சேர்ந்தால் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் கூடி, தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோசாக்கும்.

அம்மம்மா ஏசினா: "முருகன் உன்னைச் சாகச் சொன்னவரே?" அன்றிரவே குத்தரிசிக் கஞ்சி அரைக் கோப்பை, மெல்ல மெல்ல. அடுத்த நாளிலிருந்து இரவில் ஒருநேரம் கஞ்சியும் அவித்த பயறும், பத்து மணிக்குப் படுக்கை. விரதம் முடிக்கும் பாறணையன்று நடுக்கம் இல்லை. கணக்குத்தான் இன்னும் முடியவில்லை.