மாடித்தோட்டத்தில் பூச்சி: மருந்தடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

செடியில் பூச்சியைப் பார்த்ததும் பலருக்கும் கை முதலில் போவது ஸ்பிரே பாட்டிலுக்குத்தான். அதற்குள் இருப்பது வேப்பெண்ணெயா, கடையில் வாங்கிய மருந்தா என்பது அப்புறம். இலையில் இருப்பது என்னவென்று பார்க்காமல் அடிப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மிளகாய்ச் செடியையே எடுத்துக்கொள்வோம். இலை சுருண்டுவிட்டது என்று சொன்னால் ஆளுக்கொரு கரைசல் சொல்வார்கள். இலையின் ஓரம் மேல்நோக்கி மடங்கியிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி இல்லை, இலைச்சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிர். சிலந்திக்கு எட்டுக் கால். அது பூச்சி இனமே இல்லை, அதனால் பூச்சிக்கொல்லிகள் பலவும் அதனிடம் பலிக்காது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் 'நனையும் கந்தகத் தூள்' அதனிடம் வேலை செய்யும். ஆனால் கந்தகம் தெளித்த செடிக்கு அடுத்த இரண்டு வாரம் எண்ணெய்க் கரைசல் எதுவும் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். இலைகள் சிறுத்து, மஞ்சளோடி, செடியே வளராமல் நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸாக இருக்கலாம். அதற்கு எந்த மருந்தும் கிடையாது. மனசு கேட்காதுதான், ஆனால் அந்த ஒரு செடியைப் பிடுங்கினால்தான் பக்கத்தில் இருப்பவை தப்பும்.

அடுத்தது, நமக்கு உதவ வந்தவற்றையே கொல்வது. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும்போது, நடுவில் அதே வெள்ளை மெழுகுப் போர்வையோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். மாவுப்பூச்சி இருந்த இடத்தை விட்டு அதிகம் அசையாது. இதுவோ அதைவிடப் பெரிதாக, உடம்பெங்கும் நீளமான மெழுகு இழைகளோடு, கிளையில் நடந்துகொண்டே இருக்கும். இது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் இதன் சாப்பாடு. இதைத் தெரியாமல் நசுக்கிவிட்டு மருந்து தேடி ஓடுபவர்கள் நிறைய.

இயற்கை எதிரிகளின் பலம் என்னவென்று தமிழ்நாடு நேரிலேயே பார்த்திருக்கிறது. 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைக் கலங்கடித்தது. மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி வயல்களில் விட்டபிறகே அது அடங்கியது. மாடியில் நாம் தாராளமாக அடிக்கும் ஸ்பிரே இந்த மாதிரி குளவிகளைத்தான் முதலில் காலி செய்யும்.

எறும்பையும் மறக்கக் கூடாது. குருத்தில் கொத்தாக அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் முதலில் அதன் வழியை அடைக்க வேண்டும். தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, பக்கத்துச் சுவரையோ செடியையோ இலை தொடாமல் பார்த்துக்கொண்டாலே போதும். கிண்ணத்துத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் இருக்க, அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

சரி, வேப்பெண்ணெய்க்கு வருவோம். நல்ல பொருள்தான், ஆனால் அதைக் கெடுப்பது நம் அவசரம். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். ஒரு இலையில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் கெட்டி எண்ணெயும் விழும். 5 மில்லி எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு பால் போல வெளுக்கும்வரை கலக்கி, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விடும் துணிப் பவுடரும் வேண்டாம், இலையின் மேல்பூச்சையே அரித்துவிடும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்; வேப்பெண்ணெயில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற பொருளும் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். சாயங்காலம்தான் சரியான நேரம், தேனீக்களும் அப்போது போயிருக்கும். பூச்சிகள் ஒளிந்திருப்பது இலையின் அடிப்பக்கம், அங்கே நனைய வேண்டும். மறுநாள் காலையில் பூச்சி செத்துக் கிடக்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள். அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரித்து வளரவிடாமல் தடுத்து மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு வாரம் பொறுத்து மறுபடி தெளிக்கலாம். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

அசுவினிக்கு இதுகூடத் தேவைப்படாது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் கொத்துக் கொத்தாக விழும், விழுந்தவற்றில் பல மறுபடி ஏறாது. திரும்பத் திரும்ப வந்தால் உரத்தைப் பாருங்கள். யூரியாவோ வேறு தழைச்சத்து உரமோ அதிகம் போட்டுத் தளதளவென்று வளர்ந்த குருத்துதான் அசுவினிக்கு விருந்து.

இயற்கையானது என்றால் கெடுதல் இருக்காது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. புகையிலைக் கரைசலில் இருக்கும் நிகோட்டின் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். குழந்தைகள் ஓடியாடும் மாடியில், கீரை பறிக்கும் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. கரப்பான் ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் கதையும் இதேதான். அவை உணவுச் செடிக்காகச் செய்தவை அல்ல. அடித்த எத்தனையாவது நாளில் காயைப் பறிக்கலாம் என்று அந்த டப்பாவில் தேடினாலும் இருக்காது.

கத்தரியில் எந்தக் கரைசலும் உதவாத கட்டம் ஒன்று உண்டு. நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் புழு தண்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், வெளியில் அடிப்பது அதைத் தொடாது. வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நறுக்கி, ஓட்டை விழுந்த காய்களையும் பறித்து, சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். அப்படியே உரக்குழியில் போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக அதே செடிக்குத் திரும்பி வரும்.