கடைப் பக்குவத்தில் மசாலா பால்

பொழுது சாய்ந்ததும் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில், அகலமான சட்டியில் இளமஞ்சளாகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் மசாலா பாலின் ருசியில் பெரும்பங்கு மசாலாவுக்கு இல்லை, சுண்டிய பாலுக்கு. காய்ச்சிய பாலில் பொடியைக் கலக்கிவிட்டு ‘அந்த ருசி வரலையே’ என்பவர்கள் பொடியை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அடுப்பருகே அரை மணி நேரம் நிற்கத் தயாரானால் வீட்டிலேயே வரும்.

நான்கு டம்ளருக்கு 1 லிட்டர் பால் வேண்டும். 6 சதவீதக் கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பால் நல்லது; ஆவினில் ஆரஞ்சு பாக்கெட். 3 சதவீதப் பாலில் செய்தால் எவ்வளவு சுண்டினாலும் நாக்கில் வழவழப்பு நிற்காது. பாதாம் 20, முந்திரி 8, சர்க்கரை 60 கிராம் (தலைதட்டி 5 டேபிள்ஸ்பூன்), மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மிளகு 6, ஏலக்காய் 5, குங்குமப்பூ 15 இழை, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. ஜாதிக்காயில் மட்டும் தாராளம் வேண்டாம், கசந்துவிடும்.

பாதாமையும் முந்திரியையும் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பாதாமை இரு விரலால் பிதுக்கினால் தோலிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தோலோடு அரைத்தால் பால் பழுப்பேறும், லேசாகத் துவர்க்கும். காய்ச்சி ஆறிய பால் 4 டேபிள்ஸ்பூன் விட்டு விழுதாக அரைக்கவும். விழுதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் இன்னும் ஒரு சுற்று. இந்த நறநறப்புதான் பிறகு டம்ளர் அடியில் மண்டியாகத் தங்குவது. மிளகைத் தனியாகப் பொடியுங்கள். ஏலக்காயை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்தால் தோல் உட்பட நைசாகும். அந்தச் சர்க்கரையும் 60 கிராமில் சேர்த்தியே.

குங்குமப்பூவை இரண்டு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் போட்டுவையுங்கள். நல்ல பூ மெதுவாகத்தான் பொன்மஞ்சள் விடும், ஊறிய பிறகும் இழை சிவப்பாகவே இருக்கும். போட்ட கணத்தில் சாயம் ஓடி இழை வெளுத்தால் அது குங்குமப்பூ இல்லை. நல்லது கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். நிறத்துக்கு மஞ்சள்தூளே போதும், கலர் பொடி வேண்டவே வேண்டாம்.

இனி பால். அடிகனமான, வாயகன்ற பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, ஈரத்தைத் துடைக்காமல் பாலை ஊற்றுங்கள். அடியில் ஒட்டுவது குறையும். கரண்டிக் காம்பைச் செங்குத்தாக நிறுத்தி, பால் எதுவரை நனைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் ஏறக்குறைய முக்காலாகும் வரை சுண்ட வேண்டும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடி தொட்டுக் கிளறவும். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டிப் பாலிலேயே தள்ளுங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள்; கடைப் பாலில் நாக்கில் தட்டுப்படும் அந்த மெல்லிய திப்பி இதுதான்.

பத்து நிமிடம் கழித்து மஞ்சளும் மிளகும். மஞ்சளைக் கடைசியில் போட்டால் பச்சை வாசனை போகாது. பால் முக்காலாக 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். பிறகு விழுதை ஒரு கரண்டிச் சூடான பாலில் கரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் கை விடாமல் கிளறவும். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, கவனிக்காவிட்டால் அடியில் இறுகிவிடும். சர்க்கரையும் குங்குமப்பூப் பாலும் அதன் பின்னரே. முதலிலேயே சர்க்கரை போட்டால் பால் சீக்கிரம் அடிபிடிக்கும். இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து, ஏலக்காய், ஜாதிக்காய் தூவி மூடிவையுங்கள். ஏலக்காய் மணம் கொதியில் பறந்துவிடும்.

ஐந்து நிமிடம் கழித்து இரண்டு பாத்திரங்களில் உயரத் தூக்கி நான்கைந்து முறை ஆற்றுங்கள். நுரை வருவதோடு, அடியில் தங்கிய விழுதும் ஒன்றாகக் கலக்கும்.

அடிபிடித்த வாசனை வந்ததா? கரண்டியால் கிளறாமல், மேலாக உள்ள பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காய்ச்சுங்கள். அடியைச் சுரண்டினால் தீய்ந்த நெடி முழுப் பாலிலும் ஏறிவிடும். சில நேரம் பால் திரியும். பழைய பாலாக இருக்கலாம், பாத்திரத்தில் தயிரின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டு, கொதியிலேயே கொட்டியதும் காரணமாகலாம். வெல்லமோ பனங்கற்கண்டோ, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பிறகு சேர்க்கவும். சளிக்கு இஞ்சி சேர்ப்பவர்கள் பச்சையாகத் தட்டிப் போட வேண்டாம். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைத்துத் திரியவைக்கும் நொதி இருக்கிறது. தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும். அந்த நீரைச் சேர்க்கலாம்.

குளிரவைத்துக் குடிப்பதானால் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதலாக வேண்டும், குளிர்ச்சியில் இனிப்பு மங்கித் தெரியும். ஃப்ரிட்ஜில் பால் இன்னும் கெட்டியாகும் என்பதால் முக்காலுக்குச் சற்று முன்பே இறக்கிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.