விவா நவிடாதில் எதை முதலில் வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது

டிசம்பர் விடுமுறையில் கலிஃபோர்னியாவின் அனஹைம் பக்கம் போகிறீர்கள் என்றால், டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் ஒரு மாலையை மெக்சிகோ சாப்பாட்டுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். 2013-இல் தொடங்கிய விவா நவிடாத் என்ற மெக்சிகோ பாணிக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் அங்கேதான் நடக்கிறது. மரியாச்சி இசை, நாட்டுப்புற நடனம், ஆளை விட உயரமான மொஹிகாங்கா பொம்மைகள், டொனால்ட் டக்கோடு அதன் கார்ட்டூன் நண்பர்கள் பாஞ்சிட்டோ சேவலும் ஜோசே கரியோக்கா கிளியும் என்று அந்த இடமே களைகட்டும். பூங்கா டிக்கெட் இருந்தால் போதும், சாப்பாட்டுக்கு மட்டும் தனியாகக் காசு.

மெனு வருடா வருடம் மாறும், அதனால் கீழே சொல்கிற எல்லாமே ஒரே வருடத்தில் கிடைக்காது. போவதற்கு முன் டிஸ்னிலேண்ட் ஆப்பில் அன்றைய மெனுவைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் அதிலேயே ஆர்டர் போடலாம், வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம். பேர் பேராகப் படித்துக் குழம்புவதை விட, மெக்சிகோக் கிறிஸ்துமஸின் முக்கிய நாட்களைத் தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம்: டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதாஸ் என்ற ஒன்பது நாள் கொண்டாட்டம், 24 இரவு நோச்சே புவேனா, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஜனவரி 6 குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாள்.

முதலில் தமால். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு, நடுவே சிவப்பு மிளகாய்ச் சாற்றில் வெந்த பன்றிக்கறி, இல்லையென்றால் பச்சைச் சல்சாவில் கோழி, எல்லாவற்றையும் காய்ந்த சோளக்கதிர்த் தோலில் சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள். அந்தத் தோலைச் சாப்பிடக் கூடாது, வாழையிலைக் கொழுக்கட்டை மாதிரி பிரித்து வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடுங்கள். நன்றாக வெந்த தமால் தோலில் ஒட்டாமல் முழுசாகக் கழன்று வரும். பிரித்தவுடன் ஆவி முகத்தில் அடிக்கும், குழந்தைக்குக் கொடுப்பதானால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மிளகாயும் சீஸும் வைத்த ராஹாஸ் தமால் பார்க்கச் சைவம்தான், ஆனால் மாவைப் பிசையப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுதான் பாரம்பரிய வழக்கம். பெயரை நம்பாதீர்கள், மெனுவில் சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்குவதற்கு முன் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். பீன்ஸ், சோறு வகைகளிலும் இதே கேள்வியைக் கேட்பது நல்லது.

போசோலே கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் போதும். தோலுரித்து மலர வெந்த பெரிய சோளமணிகளும் கறியும் கலந்த கனமான சூப் அது. மேலே போடுவதற்கு முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெங்காயம், ஓரிகானோ, எலுமிச்சை தருவார்கள். அதையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சூப்பைக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது! எலுமிச்சையைப் பிழிந்து, முள்ளங்கியைக் கொட்டி, சூடும் மொறுமொறுப்பும் ஒரே கரண்டியில் வரும்படி சாப்பிடுங்கள், அப்போதுதான் அது போசோலே.

அப்புறம் இனிப்பு. புன்யுவேலோ என்பது மெல்லிசாகத் தேய்த்துப் பொரித்த கோதுமை வட்டம், மேலே இலவங்கப்பட்டைச் சர்க்கரை தூவியிருப்பார்கள், சில ஊர்களில் வெல்லப்பாகு ஊற்றுவார்கள். மெக்சிகோவின் வஹாக்கா நகரத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைச் சாப்பிட்டு முடித்து, அந்த மண்தட்டைத் தரையில் போட்டு உடைக்கிற வழக்கம் உண்டு. கையில் வாங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள், பையில் போட்டுச் சுற்றினால் நமுத்துப் போகும்.

குடிக்க இரண்டு. சம்புராதோ, சோளமாவும் சாக்லேட்டும் பிலோன்சீயோ வெல்லமும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சியது, ஒரு கப் குடித்தாலே பாதி வயிறு நிறையும். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கினால் மற்றதெல்லாம் இறங்காது, இருட்டி குளிர் ஏறிய பிறகு கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். போஞ்சே அப்படியில்லை. கொய்யா, கரும்புத் துண்டு, தெஹோகோத்தே பழம், இலவங்கப்பட்டை எல்லாம் கொதித்த இலேசான பழச்சாறு, எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். கப்பில் கிடக்கும் கரும்பை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுங்கள்.

ஜனவரி 6-ஐ ஒட்டிப் போகிறவர்கள் ரோஸ்கா தே ரேயெஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். வளையமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி, மேலே நிறம் நிறமாகச் சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள். வழக்கப்படி உள்ளே குழந்தை இயேசுவின் சின்னப் பொம்மை ஒன்றை ஒளித்து வைப்பார்கள், ஆகவே அவசரமாகக் கடிக்காதீர்கள், சின்னக் குழந்தைகளுக்குப் பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள். பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பிப்ரவரி 2, கண்டெலாரியா நாளன்று எல்லோருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும்.